விரலுக்குள் தசை கிடையாது

இடது கையால் வலது முன்கையை, முழங்கைக்குச் சற்றுக் கீழே, உட்பக்கமாகப் பிடித்துக்கொள்ளுங்கள். இப்போது வலது கை விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி நீட்டுங்கள். அசைவது விரல்தான், ஆனால் நீங்கள் பிடித்திருக்கும் இடத்தில் தோலுக்கு அடியில் ஏதோ புரண்டு கொடுக்கும். விரலை மடக்கும் தசைகள் குடியிருப்பது அங்கே. விரலுக்குள் அதை மடக்கவோ நீட்டவோ ஒரு தசைகூடக் கிடையாது. எலும்பு, மூட்டு, தசைநாண், நரம்பு, ரத்தக்குழாய், கொஞ்சம் கொழுப்பு, தோல், நகம். அவ்வளவுதான் சரக்கு.

ஒரு கையில் 27 எலும்புகள். அவற்றை இயக்கும் வலுவான தசைகளை முன்கையில் வைத்துவிட்டு, அங்கிருந்து தசைநாண்களை மட்டும் விரல் நுனி வரை அனுப்பியிருக்கிறது உடல். சைக்கிள் பிரேக் கேபிளும் இப்படித்தான்: அழுத்துவது ஹேண்டில்பாரில், பிடிப்பது சக்கரத்தில், இடையில் உறைக்குள் வழுக்கி ஓடும் கம்பி. தண்ணீர்க் குடத்தைத் தூக்கும் அளவுக்குத் தசையை விரலிலேயே திணித்திருந்தால், அதே விரலால் ஊசியில் நூல் கோத்திருக்க முடியாது. ஆனால் இந்த ஏற்பாட்டுக்கு விலை உண்டு. நீளமான நாண்கள் குறுகலான பாதைகள் வழியாக நாள் முழுக்க வழுக்கி ஓடியாக வேண்டும். பாதை இறுகினாலும் நாண் தடித்தாலும் ஓட்டம் நின்றுபோகிறது. கைக்காக மருத்துவரைத் தேடிப் போகிறவர்களில் பலருக்கும் தொல்லை இந்த ஓட்டத்தில்தான்.

காலையில் எழுந்து கையை விரித்தால் ஒரு விரல் மட்டும் மடங்கியபடியே நிற்கிறது. மறு கையால் பிடித்து நீட்டினால் ‘டக்’கென்று விடுபடுகிறது, வலியோடு. இதை ‘டிரிக்கர் ஃபிங்கர்’ என்கிறார்கள். விரலை மடக்கும்போது நாண் எலும்பை விட்டு எழும்பிவிடாமல் இருக்க, வழிநெடுகச் சின்னச் சின்ன நார் வளையங்கள் அதை அணைத்துப் பிடித்திருக்கின்றன. முதல் வளையம் விரலின் அடியில், உள்ளங்கையில் இருக்கிறது. அது தடித்து இறுகும்போது அதற்குள் ஓடும் நாணிலும் ஒரு முடிச்சு விழுகிறது. மடக்கும்போது முடிச்சு எப்படியோ வளையத்தைத் தாண்டிவிடும். திரும்பி வரும்போது சிக்கிக்கொள்ளும். 1850இல் நோத்தா என்ற பிரெஞ்சு மருத்துவர் இந்த முடிச்சைப் பற்றி எழுதினார்.

பலர் விரல் மூட்டில் கோளாறு என்று நினைத்து அங்கே தைலம் தேய்த்துக்கொண்டிருப்பார்கள். ‘டக்’ என்பது நடு மூட்டில் கேட்பதாகத்தான் தோன்றும். சிக்கல் இருப்பதோ உள்ளங்கையில். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு இது மற்றவர்களைவிட அதிகமாக வருகிறது; சில சமயம் ஒரே நேரத்தில் பல விரல்களில். வளையத்துக்குள் ஒரு ஸ்டீராய்டு ஊசி போட்டாலே நிறையப் பேருக்குச் சரியாகிவிடும். சர்க்கரை நோயாளிகளிடம் ஊசியின் பலன் குறைவு, ஊசிக்குப் பின் சில நாள் ரத்தச் சர்க்கரை ஏறவும் செய்யும். அதற்கும் அடங்காவிட்டால் அந்த ஒரு வளையத்தை மட்டும் வெட்டித் திறந்துவிடுவார்கள். மரத்துப்போகும் ஊசி போட்டுச் சில நிமிடங்களில் முடிகிற வேலை.

கட்டைவிரல் பக்கமாக மணிக்கட்டில் வருகிற வலி இதற்குச் சொந்தக்காரன். சுவிட்சர்லாந்தின் ஃப்ரிட்ஸ் டி குவெர்வைன் 1895இல் விவரித்ததால் அவர் பெயராலேயே வழங்குகிறது. கட்டைவிரலை விரிக்கும் இரண்டு நாண்கள் மணிக்கட்டில் ஒரே உறைக்குள் ஓடுகின்றன. அந்த உறை தடித்துவிடுகிறது. பிள்ளை பெற்ற சில வாரங்களில் தாய்மாருக்கு இது வருவது மிகச் சாதாரணம். குழந்தையின் அக்குளில் இரண்டு கையையும் கொடுத்து, கட்டைவிரலை விரித்தபடி ஒரு நாளைக்கு எத்தனை முறை தூக்குகிறோம் என்று யோசித்தால் காரணம் புரியும். பேரக்குழந்தையை வளர்க்கும் பாட்டிகளுக்கும் வருகிறது. பிரசவத்தில் குளிர்ந்த தண்ணீரைத் தொட்டதால் வந்தது என்று வீட்டில் சொல்வார்கள். தண்ணீர் பாவம், அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. குழந்தையின் அடியில் உள்ளங்கையைக் கொடுத்து ஏந்தித் தூக்குவதும், கட்டைவிரல் அசையாதபடி சில வாரம் பட்டை அணிவதும் பெரும்பாலும் போதும்.

மணிக்கட்டின் நடுவில் இருக்கிற பாதை இன்னும் நெருக்கடியானது. அடியிலும் இரு பக்கமும் சிறிய எலும்புகள், மேலே குறுக்காக ஒரு கெட்டியான நார்ப்பட்டை; நடுவே ஒன்பது நாண்களும் ஒரு நரம்பும் போயாக வேண்டும். நாண்களைச் சுற்றியுள்ள சவ்வு கொஞ்சம் வீங்கினாலும் மிச்ச இடம் கிடையாது. நாண்கள் கெட்டியானவை, தாங்கிக்கொள்ளும். நசுங்குவது நரம்பு. கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரலில் பாதி ஆகியவற்றின் உணர்வு இந்த நரம்பில்தான் வருகிறது. நடு ராத்திரியில் கை மரத்துப்போய் விழிப்பு வரும்; எழுந்து உட்கார்ந்து கையை உதறினால் மெல்லச் சரியாகும். தூக்கத்தில் மணிக்கட்டை மடக்கி வைத்துக்கொள்கிறோம், அப்போது பாதை இன்னும் குறுகுகிறது என்பதே இதற்கு முக்கியக் காரணம்.

இதுதான் ‘கார்ப்பல் டனல்’ தொல்லை. 1950களில் இதைப் பரவலாக மருத்துவர்களின் கவனத்துக்குக் கொண்டுவந்தவர் அமெரிக்காவின் ஜார்ஜ் ஃபேலன். அவர் சொன்ன சோதனைக்குக் கருவி எதுவும் வேண்டாம். இரண்டு புறங்கைகளையும் ஒன்றோடொன்று சேர்த்து, விரல்கள் கீழ்நோக்கித் தொங்க, மணிக்கட்டை மடக்கி ஒரு நிமிடம் வைத்திருங்கள். மரத்துப்போனாலோ குறுகுறுத்தாலோ சந்தேகப்படலாம். சுண்டுவிரல் மரத்துப்போகிறது என்றால் அது வேறு நரம்பு, வேறு கதை. கழுத்து எலும்புத் தேய்மானம் என்று நினைத்துக் கழுத்துப்பட்டை போட்டுக்கொண்டு அலைகிறவர்களில் சிலருக்கு உண்மையான இடம் மணிக்கட்டாக இருப்பதுண்டு. எதிர்மாறாகவும் நடக்கும்.

எல்லாரும் கம்ப்யூட்டரைத் திட்டுகிறார்கள். விசைப்பலகையில் தட்டுவதால் இது வருகிறது என்பதற்கு ஆதாரம் வலுவாக இல்லை. அதிரும் கருவிகளைப் பிடித்து வேலை செய்வதற்கும், இறுக்கிப் பிடித்து ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்வதற்கும் உள்ள தொடர்பு அதைவிட உறுதியானது. கல் உடைக்கும் மிஷின் பிடிக்கிறவரைப் பற்றி யாரும் கவலைப்படுவதில்லை, ஐ.டி. ஊழியரின் மணிக்கட்டுக்கு மட்டும் மெத்தை விற்கிறார்கள். கர்ப்பம், தைராய்டு குறைபாடு, சர்க்கரை நோய், உடல் பருமன் ஆகியவையும் காரணங்கள். கர்ப்பத்தில் வந்தது பெரும்பாலும் பிரசவத்துக்குப் பிறகு தானே போய்விடும். மற்றவர்கள் இரவில் மணிக்கட்டை நேராக வைக்கும் பட்டை அணிந்து பார்க்கலாம். வருடக்கணக்கில் விட்டுவைத்தால் கட்டைவிரலின் அடியில் இருக்கும் சதைமேடு வற்றி, சட்டைப் பொத்தானைப் போடவே தடுமாற வேண்டிவரும். அந்தக் கட்டத்துக்கு முன்பே, பாதைக்கு மேலேயுள்ள நார்ப்பட்டையை அறுவையில் வெட்டிவிடுவது நல்லது. வற்றிய சதை திரும்பி வரும் என்று உறுதி சொல்ல முடியாது.

இதுவரை சொன்னது இறுகிப்போன பாதைகள். நாணே அறுந்துவிட்டால்?

தேங்காய் உடைக்கும்போது அரிவாள் வழுக்குகிறது, கண்ணாடி டம்ளர் கழுவும்போது கையிலேயே உடைகிறது. வெளியே தெரிவது அரை அங்குலக் காயம். ரத்தம் நின்றதும் காப்பித்தூளை அப்பிக் கட்டிவிடுகிறோம். நாலு நாள் கழித்து விரல் நுனி மடங்கவில்லை என்பது தெரியவருகிறது. கையின் வெட்டுக்காயத்தில் காயத்தின் நீளம் எதையும் சொல்லாது. ஒவ்வொரு விரலின் நுனி மூட்டையும் தனியாக மடக்க முடிகிறதா, நீட்ட முடிகிறதா, விரலின் இரண்டு ஓரங்களிலும் தொடுவது தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். ஒவ்வொரு விரலிலும் இரு ஓரமாக இரண்டு நரம்புகள் ஓடுகின்றன. ஒரு பக்கம் மட்டும் மரத்திருந்தால் ஒரு நரம்பு போயிருக்கிறது என்று பொருள்.

உள்ளங்கையின் மேல் ரேகையிலிருந்து விரலின் நடு எலும்பின் பாதி வரை உள்ள பகுதி அறுவை மருத்துவர்களை நெடுங்காலம் பயமுறுத்தியது. அங்கே ஒரே உறைக்குள் இரண்டு நாண்கள். ஒன்று இரண்டாகப் பிளந்து வழிவிட, மற்றொன்று அந்தப் பிளவுக்குள் புகுந்து நுனிக்குப் போகிறது. இவை அறுந்தால் தைக்கலாம். ஆனால் ஆறும்போது நாணும் நாணும், நாணும் உறையும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். தைத்த இடம் கெட்டியாக இருக்கும், விரல் அசையாது. கை அறுவைக்கு 1944இல் பெரிய பாடநூல் எழுதிய சான் பிரான்சிஸ்கோவின் ஸ்டெர்லிங் பன்னல், போர்முனையில் இரு படைகளுக்கும் நடுவே கிடக்கும் யாருமற்ற நிலத்தின் பெயரை இந்தப் பகுதிக்குச் சூட்டினார். அங்கே நாணைத் தொடாதே, தோலை மட்டும் மூடு, பிறகு வேறு இடத்திலிருந்து நாண் எடுத்து மாற்று என்பது அவர் காலத்து விதி.

1960களில் சுவிட்சர்லாந்தின் வெர்டானும் அமெரிக்காவின் லூயிவில் நகரத்துக் கிளைனர்ட்டும் இந்த விதியை உடைத்தார்கள். உடனே தைத்தார்கள். கிளைனர்ட்டின் குழு இன்னொன்றும் செய்தது: கட்டுப் போட்டு அசையாமல் வைப்பதற்குப் பதிலாக, நகத்தில் ஒரு ரப்பர் பேண்டை மாட்டி மணிக்கட்டுப் பக்கம் இழுத்துக் கட்டியது. நோயாளி விரலைத் தானே நீட்டுவார்; மடக்குவதை ரப்பர் பேண்ட் பார்த்துக்கொள்ளும். தைத்த நாண் மேல் பாரம் விழாது, ஆனால் அது நாள்தோறும் உறைக்குள் சில மில்லிமீட்டராவது நகர்ந்துகொண்டிருக்கும், ஒட்டிக்கொள்ள நேரம் கிடைக்காது. இன்று முறைகள் மாறிவிட்டன, தையல்கள் வலுவாகிவிட்டன, அடிப்படை அதுவே. தைத்து ஒரு வாரத்துக்குள் அசைக்கத் தொடங்க வேண்டும், பாரம் தூக்குவதற்கு மூன்று மாதம் பொறுக்க வேண்டும். இரண்டில் எதைத் தவறவிட்டாலும் விரல் போய்விடும். நம்மிடையே அறுவைச் சிகிச்சைக்கு நகையை விற்றுக்கூடப் பணம் கட்டுகிறவர்கள், அதன் பிறகான பயிற்சிக்கு வாரம் இரண்டு முறை பஸ் ஏறி வர அலுத்துக்கொள்கிறார்கள். கூலி போகும் என்பது காரணமாக இருக்கலாம். ஆனால் கையைக் காப்பாற்றுவதில் பாதி வேலை அந்தப் பயிற்சி மேசையில்தான் நடக்கிறது.

நாணின் ஓட்டம் சரியாக இருந்து, அதை இயக்கும் நரம்பு செத்துப்போனால் என்ன செய்வது என்ற கேள்விக்கு உலகம் கற்றுக்கொண்ட பதிலில் வேலூருக்குப் பெரிய பங்கு உண்டு.

கொல்லிமலையில் 1914இல் பிறந்த பால் பிராண்ட், இங்கிலாந்தில் கட்டட வேலையும் பிறகு மருத்துவமும் படித்துவிட்டு 1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். அடுத்த ஆண்டு, தொழுநோய் மருத்துவத்தில் பெயர்பெற்ற ராபர்ட் காக்ரேன் அவரைச் செங்கல்பட்டில் இருந்த தொழுநோய் மருத்துவமனைக்கு அழைத்துப்போனார். விரல்கள் உள்ளே வளைந்து மடங்கிப்போன ஒரு நோயாளியிடம், தன் கையை முடிந்த மட்டும் அழுத்தச் சொன்னார் பிராண்ட். தளர்ந்த ஒரு பிடியை எதிர்பார்த்தவருக்கு வலி உயிர் போயிற்று. பயனற்றது என்று எல்லாரும் ஒதுக்கிய அந்தக் கைக்குள் வலிமை அப்படியே இருந்தது.

காரணம், கட்டுரையின் முதல் பத்தியில் நீங்கள் பிடித்துப் பார்த்த அந்த முன்கைத் தசைகள். தொழுநோய்க் கிருமிக்குச் சற்றுக் குளிர்ந்த இடம்தான் பிடிக்கும். முழங்கைக்குப் பின்னால், இடித்துக்கொண்டால் சுண்டுவிரல் வரை ‘சுரீர்’ என்று மின்சாரம் பாய்கிறதே, அங்கே ஒரு நரம்பு தோலுக்கு மிக அருகில் ஓடுகிறது. கிருமி அதைத் தாக்குகிறது. அந்த நரம்பு ஆட்சி செய்வது பெரும்பாலும் உள்ளங்கைக்குள் இருக்கும் குட்டித் தசைகளை. முன்கையின் பெரிய தசைகளில் முக்கால்வாசிக்கு வேறு நரம்புகள், அவை ஆழத்தில் பத்திரமாக இருக்கின்றன. குட்டித் தசைகள் செய்கிற வேலை நுட்பமானது: விரலை அடி மூட்டில் மடக்கி, மற்ற இரண்டு மூட்டுகளிலும் நேராக வைப்பது. சோற்று உருண்டையை எடுக்கும்போது விரல்கள் நிற்கும் நிலை அது. அவை செயலிழந்ததும் அடி மூட்டு பின்னால் மல்லாந்து, நுனி உள்ளே சுருண்டுகொள்கிறது. எதையும் விரித்துப் பிடிக்க முடியாது. ஆனால் பிடித்ததை நசுக்க முடியும்.

பிராண்ட் செய்தது இடமாற்றம். மணிக்கட்டை நிமிர்த்துவதற்கு ஒன்றுக்கு மேற்பட்ட தசைகள் இருக்கின்றன; ஒன்றை எடுத்தால் மற்றவை சமாளித்துக்கொள்ளும். அதன் நாணை வெட்டி எடுத்து, காலிலிருந்து எடுத்த ஒரு மெல்லிய நாணால் நீட்டி, நான்கு வால்களாகப் பிரித்து, உள்ளங்கை வழியாக நான்கு விரல்களுக்கும் கொண்டுபோய்ப் பொருத்தினார். மணிக்கட்டை நிமிர்த்திய தசை இப்போது விரலின் அடி மூட்டை மடக்க வேண்டும். இப்படி நாணை மாற்றிப் பொருத்துவது உலகுக்குப் புதிதல்ல. தொழுநோயாளியின் கையில் செய்யலாம், அந்தக் காயம் ஆறும் என்று காட்டியது புதிது. அறுவைக்குப் பின் நோயாளி அந்தத் தசையின் புது வேலையைப் பழக வேண்டியிருந்தது. மணிக்கட்டை நிமிர்த்துவதாக நினைத்துக்கொண்டு முயன்றால் விரல் மடங்கும். சில வாரப் பயிற்சியில் அந்த நினைப்பும் தேவைப்படாமல் போகும். விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்த மருத்துவர் மேரி வர்கீஸ், சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே இத்தகைய கைகளுக்கு அறுவை செய்தவர். உட்கார்ந்து செய்யக்கூடிய அறுவை கை அறுவை என்று அவருக்கு யோசனை சொன்னவர் பிராண்ட்.

கை நேரான பிறகும் விரல்கள் காயம்பட்டுக் குறைந்துகொண்டே போனதை பிராண்ட் கவனித்தார். நோயே சதையைத் தின்கிறது என்பதுதான் அன்றைய நம்பிக்கை. வேலூரில் குணமடைந்தவர்கள் தங்கித் தச்சு வேலை பழகிய நவ ஜீவ நிலையத்தில், ஒவ்வொரு காயத்துக்கும் காரணம் தேடிப் பார்த்தார். அடுப்பில் சூடான பாத்திரம், கைப்பிடி கரடான சுத்தியல், அளவுக்கு மீறிய அழுத்தம். வலி தெரிந்த கை விலகியிருக்கும். உணர்வில்லாத கை பிடித்துக்கொண்டே இருந்தது. கைப்பிடிகளைத் தடிமனாக்கி வழவழப்பாக்கியதும், தினமும் கையைக் கண்ணால் பரிசோதிக்கப் பழக்கியதும் புண்கள் குறைந்தன. 1966இல் அவர் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்துக்குப் போனபோது, அங்கே சர்க்கரை நோயால் உணர்விழந்த பாதங்களுக்கும் இதே பாடம் பொருந்தியது.

சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் பேராசிரியர் ஆர். வெங்கடசாமி கைக் காயங்களுக்கென்றே தனிப் பிரிவை வளர்த்தெடுத்தார். விரல் நுனி சாய்வாக வெட்டுப்பட்டால், விரலின் ஓரத்திலிருந்து முக்கோண வடிவில் தோலை அதன் நரம்போடும் ரத்தக்குழாயோடும் முன்னே நகர்த்தி மூடும் அவரது முறை 1980இல் வெளியாயிற்று. வெளிநாட்டுக் கை அறுவை நூல்களிலும் அவர் பெயராலேயே இருக்கிறது. பவர் பிரஸ்ஸும் கரும்புச் சாறு மிஷினும் கொண்டுவந்து சேர்க்கும் கைகளுக்கு இந்த ஊரில் பஞ்சமில்லை. அனுபவம் அப்படி வந்ததுதான்.

விரலே துண்டாகிவிட்டால் பொருத்த முடியும். ஜப்பானின் நாரா நகரத்தில் 1965இல் கோமாட்சுவும் தாமாயும் முழுமையாகத் துண்டான ஒரு கட்டைவிரலை, சுமார் ஒரு மில்லிமீட்டர் அகல ரத்தக்குழாய்களை நுண்ணோக்கியில் பார்த்துத் தைத்து, உயிரோடு திரும்பப் பொருத்தினார்கள். இன்று தமிழ்நாட்டின் பெரிய நகரங்களிலேயே இது நடக்கிறது. வீணாவது பெரும்பாலும் வழியில்தான். துண்டை நேரடியாக ஐஸில் போட்டால் திசு உறைந்து செத்துவிடும். தண்ணீரில் ஊறவைத்தால் உப்பிக் கெடும். சுத்தமான ஈரத்துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டு, தண்ணீர் புகாமல் கட்டி, அந்தப் பையை ஐஸ் கலந்த தண்ணீரில் வைக்க வேண்டும். குளிர்ச்சியாக வைத்தால் விரல் பல மணி நேரம் தாங்கும். மணிக்கட்டுக்கு மேலே துண்டானால் தசையும் சேர்ந்திருப்பதால் அவசரம் அதிகம். ரத்தம் வருகிற இடத்தைச் சுத்தமான துணியால் அழுத்தி, கையை உயர்த்திப் பிடித்தால் பெரும்பாலும் நின்றுவிடும். கயிற்றால் இறுக்கிக் கட்டத் தேவையில்லை. மஞ்சள், காப்பித்தூள் வேண்டாம். வீங்குவதற்குள் மோதிரத்தையும் வளையலையும் கழற்றிவிடுங்கள்.

பொருத்திய விரல் சிவந்து சூடானதும் வீட்டார் நிம்மதியாகிவிடுவார்கள். நரம்புக்கு அப்போதுதான் வேலை தொடங்குகிறது. தைத்த நரம்பின் இழைகள் ஒரு நாளைக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் வளரும். மணிக்கட்டில் அறுந்தது விரல் நுனியை எட்ட ஆறு மாதத்துக்கு மேல் ஆகும். எது வரை வந்திருக்கிறது என்று பார்க்க மருத்துவர் நரம்பின் பாதையில் விரலால் மெல்லத் தட்டிக்கொண்டே போவார். இழைகள் வந்துசேர்ந்த இடத்தில் நோயாளிக்கு ‘சுரீர்’ என்கும். 1915இல் பிரான்சின் ஜூல் தினெல் சொன்ன முறை, இன்றும் அப்படியே நடக்கிறது. வந்துசேர்ந்த இழைகளும் பழைய இடத்திலேயே போய் அமர்வதில்லை, அதனால் ஆரம்பத்தில் எதைத் தொட்டாலும் ஒரே மாதிரியாகத்தான் தெரியும். கண்ணை மூடி நாணயத்தையும் பட்டனையும், பருத்தியையும் சாக்குத் துணியையும் பிரித்துச் சொல்லப் பழகுகிறார்கள். தொடுவது தெரியும் வரை டீ கிளாஸை மறு கையால் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் எடுக்க வேண்டும். வேலூரின் தச்சுப் பட்டறையில் கண்ட விதி இவர்களுக்கும் பொருந்தும்.